தோணிக்காரன் செய்தது பிழை

ஜெர்மன்காரர் தங்கள் மணிக்கூட்டைச் சரிபார்க்க ஒரு யாழ்ப்பாணத்து மனிதரைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன். பிராங்பேர்ட்டுக்கு வெளியே, வயல்வெளியை ஒட்டி ஓடும் பஸ்ஸை அவர் ஓட்டினார். அவருடைய பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டுத்தான் தரிப்பிடத்துக்கு எதிர் வீட்டுக் கிழவி அடுப்பிலிருந்து முட்டையை இறக்குவாள் என்று பேச்சு. தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் மணிக்கூட்டு அண்ணை.

எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஆறு மணிக்குத்தான் குளிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்குவோம். அண்ணை ஐந்துக்கு நிற்பார். ஒரு பிறந்தநாள் விழாவில் வாழ்த்துரை அவருடையது. அவருக்குக் கொடுத்த நேரம் வந்தபோது மண்டபத்தில் சோறு இறக்க வந்த சமையற்காரரைத் தவிர ஆள் இல்லை. அண்ணை மேடையில் ஏறி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, “பெருந்திரளாக வந்திருக்கும் சபையோருக்கு வணக்கம்” என்று தொடங்கி, ஒரு வரி குறைக்காமல் பேசி முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பிறந்தநாள்காரப் பிள்ளை வந்து இறங்கியபோது அவளை வாழ்த்தி முடிந்திருந்தது. “நீங்கள் இருந்திருக்க வேணும், நல்லாப் பேசினவர்” என்று சமையற்காரர் மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சொந்த மனைவியைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுப் போன கதை அதைவிடப் பிரசித்தம். அக்கா இரண்டு கையிலும் கடைப்பையோடு ஓடி வருகிறா. கண்ணாடியில் அண்ணை பார்க்கிறார். நேரம் வந்துவிட்டது. கதவைச் சாத்தினார், போனார். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தாராம். மேசையில் ஒன்றும் இல்லை.

“சாப்பாடு எங்கை?”

“அது வெளிக்கிட்டுப் போட்டுது” என்றாவாம் அக்கா. “அடுத்தது நாளைக்குக் காலமை.”

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி இருந்தான். அவன் ஒரு பாட்டுக்குள் இருந்தான்.

தோணிக்காரன் பாட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகளும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாக்குகிறார்கள். கதை சின்னது. பொழுது கடல்நீரேரிக்குள் இறங்குகிறது. தண்ணீர் எல்லாம் மாம்பழ நிறம். தோணிக்காரன் துடுப்பைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அக்கரையில் ஆரோ கூப்பிடுகிறார்கள். அவன் அசையவில்லை. திரும்பவும் கூப்பிடுகிறார்கள். துடுப்பை எடுக்கிறான். அதோடு பாட்டு முடிகிறது. கூப்பிட்டது ஆர், ஏன் கூப்பிட்டது, அவன் போய்ச் சேர்ந்தானா, ஒன்றும் இல்லை. அந்த இல்லாத இடத்தில்தான் எங்கள் சனம் இத்தனை காலமாகக் குடியிருக்கிறது.

“முதல்தரம் கூப்பிட்டதுக்கே அவன் போயிருக்க வேணும்” என்பார் அண்ணை. “ரெண்டாந்தரம் வந்தது கூப்பாடில்லை, அது பெஷ்வேர்ட.” ஜெர்மனில் அது முறைப்பாடு. “இஞ்சையெண்டா எழுத்திலை வந்திருக்கும்.”

“கூப்பிட்டது அவன்ர மனிசி” என்பா அக்கா. “ரெண்டுதரம் கூப்பிட வேண்டியிருந்ததிலையே தெரியேல்லையே.”

வருசா வருசம் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் இதே பட்டிமன்றம்தான். தோணிக்காரன் செய்தது சரியா, பிழையா. பிழை அணிக்குத் தலைவர் எப்போதும் அண்ணை. பேசும் பேச்சில் தோணிக்காரனுக்கு ஓட்டுநர் பத்திரம் பறிபோகும், ஓய்வூதியம் நிற்கும், சில வருசங்களில் நாடு கடத்தலும் நடக்கும். சனம் கைதட்டும். அண்ணை சொன்ன நேரத்துக்கு முடித்துக்கொண்டு இறங்குவார்.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். ஐப்பசி மாதம். ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை முடித்து நான் அண்ணையின் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். சோளம் வெட்டிய வயலோரத் தரிப்பில் பஸ் நின்றது. ஏற ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. பஸ் புறப்படவில்லை. எஞ்சின் நின்றது. கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. மேலே ஒரு சத்தம், ஆயிரம் பழைய கதவுப் பிணைச்சல்கள் ஒன்றாய்க் கிறீச்சிடுவதுபோல.

அண்ணை ஒலிவாங்கியை எடுத்து ஜெர்மனில், மிக மரியாதையாக, “தயவுசெய்து மேலே பாருங்கள்” என்றார்.

இறங்கினோம். கொக்குகள். தெற்குக்குப் போகிற கொக்குகள், ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, வானம் முடிகிற இடம் வரைக்கும். தள்ளுவண்டியோடு நின்ற தாய் வாயைத் திறந்தபடி நின்றாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்த இளம்பெண் அதைக் கழற்றினாள். அண்ணை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்தான் மணிக்கூட்டைப் பார்த்தேன். “அண்ணை, நேரம்” என்றேன்.

“தெரியும் தங்கச்சி” என்றார், மேலே பார்த்தபடியே.

கடைசி வரிசை போன பிறகுதான் பஸ் எடுத்தார். ரயிலைத் தவறவிட்ட ஒரு கோட்டுக்காரர் அன்றைக்கே முறைப்பாடு எழுதிவிட்டார். மேலதிகாரி அண்ணைக்கு டெலிபோன் எடுத்தார். திங்கட்கிழமை டெர்மின், குறித்த நேரத்துக்கு நேரில் வர வேண்டும். முறைப்பாடு நிரூபணமானால் எழுத்தில் கண்டிப்பு, வயலோரப் பாதையும் போய்விடும், நகரத்துக்குள்தான் ஓட்ட வேண்டும். ஆனால் மேலதிகாரிக்கும் அண்ணையில் விருப்பம். “கதவு இறுகிப்போயிருக்கும், அப்படித்தானே?” என்று கேட்டாராம். ஆம் என்றால் முறைப்பாடு அதோடு முடிந்தது. அண்ணை “யோசிச்சுச் சொல்லுறன்” என்றிருக்கிறார்.

அக்கா என்னிடம் வந்தா. “அந்தப் பாதைதான் அந்தாளுக்கு உயிர். டவுனுக்குள்ளை விட்டா சிக்னலோடை சண்டை பிடிச்சே செத்துப்போகும். கதவு இறுகினதெண்டு சொல்லச் சொல்லும் பிள்ளை. ஒரு சொல்லுத்தானே.”

திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வந்தது, பட்டிமன்றத்தோடு. கொக்குக் கதை பிராங்பேர்ட்டிலிருந்து டுசல்டோர்ஃப் வரைக்கும் போயிருந்தது. அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. விழா தொடங்க முன்னமே மண்டபம் நிறைந்திருந்தது.

சரி அணியில் முதலில் வால்டோர்ஃபிலிருந்து வந்த மென்பொருள் தம்பி. தமிழ்நாட்டுப் பிள்ளை. “சார், இது ஒர்க் லைஃப் பேலன்ஸ் பத்தின பாட்டு. பேசிக்கா அவர் பர்ன் அவுட் ஆகாம பாத்துக்கறார்” என்றார். அடுத்து இங்கே பிறந்து வளர்ந்து தாதிப் பயிற்சி செய்கிற பிள்ளை. “அது அவருக்கு பௌஸ” என்றாள். இடைவேளை. “பௌஸ நேரம் கூப்பிட்டா போகத் தேவையில்லை. சட்டம் இருக்கு. ரெண்டாந்தரம் கூப்பிட்ட ஆளிலைதான் பிழை.” மண்டபம் கூரை பிய்கிறமாதிரிச் சிரித்தது.

அண்ணை எழும்பினார். சிரிப்பு நின்றது. ஆருக்கும் அவரைக் கேலிசெய்ய மனம் வரவில்லை, ஆனால் எல்லாரும் முன்னுக்குச் சரிந்திருந்தோம்.

“தோணிக்காரன் செய்தது பிழை” என்றார். “எப்பவும் சொல்லுறதைத்தான் இண்டைக்கும் சொல்லுறன். அக்கரையிலை ஒரு சனம் காத்துக்கொண்டு நிண்டது. அதுக்கும் ஒரு அவசரம் இருந்திருக்கும்.” ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார். “ஆனா அவனுக்குக் காது கேக்கேல்லை, துடுப்பு சிக்கினது, தோணி ஓட்டை எண்டு விளக்கம் சொல்லுறியளே, அது மட்டும் வேண்டாம். அவன் கேட்டவன். கேட்டுக்கொண்டுதான் நிண்டவன். துடுப்புச் சிக்கினதெண்டு சொன்னா அவன் தப்பியிடுவான். ஆனா அந்தப் பின்னேரத்தை அவன் பாக்கவே இல்லை எண்டாகிப்போகும். கண்டிப்பு வந்தா வரட்டும். பாத்ததைப் பாக்கேல்லை எண்டு சொல்ல என்னாலை ஏலாது.”

இதற்குள் தோணிக்காரனை எல்லாரும் மறந்துவிட்டோம். முன்வரிசையில் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. நடுவர் தீர்ப்புச் சொல்ல எழும்பி, கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, “எல்லாரும் சாப்பிடுவம்” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை அக்காவும் கூடப் போனா. என்ன நடந்தது என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். “கொக்கு போனது, நிண்டனான்” என்று அண்ணை ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். கதவு எப்படி இருந்தது என்று அந்த மனிதர் இன்னுமொருக்கால் கெஞ்சுமாப்போல கேட்டாராம். “கதவு நல்ல கதவு” என்றாராம் அண்ணை. கண்டிப்பு வந்தது. வயலோரப் பாதை போனது.

“பிழையைப் பிழையெண்டு எழுதித் தந்தவங்கள்” என்றார் எனக்கு, ஏதோ பட்டம் வாங்கியவர்போல. “நல்ல மனிசர்.”

இப்போது அவர் ஓட்டுவது வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே போகிற பஸ். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலம்தான். என் வேலையும் வீடும் வேறு திசையில் இருக்கின்றன. ஓய்வு நாளில் அந்தப் பக்கம் போய், அவருக்குப் பின்னால் இருக்கிற ஆசனத்தில் இருந்துகொள்ளுவேன். “எங்கை தங்கச்சி போறீர்?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். “இஞ்சை கிட்டத்தான் அண்ணை” என்பேன். கடைசித் தரிப்பு வரைக்கும் போய், இறங்காமல், அவரோடேயே திரும்பி வருவேன்.