மகள் பார்த்து வரைந்த சுருக்கங்களை நான் தேய்த்துவிட்டது பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது. நீயும் உன் மனைவியும் சௌக்கியம் என்று கேள்விப்பட்டேன், இருக்கட்டும். நான் சௌக்கியமாக இல்லை. கடிதம் கிடைத்தவுடன் புறப்பட்டு வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போ. எழுதுவது என் சின்ன மகள். புகாரும் அவள்மேல்தான். படிக்காதவன் வேறு ஆளுக்கு எங்கே போவேன்? சொன்னதைச் சொன்னபடி எழுதச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நாற்பத்தோரு வருடம் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்தவன் நான். உன் கல்யாணச் சட்டையில் இடது காலருக்குக் கீழே கிடந்த சுருக்கம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மூன்று முறை தண்ணீர் தெளித்த பிறகுதான் போனது. அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளை நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் சுருக்கம் வரைகிறது! ஒரு துணிக் கம்பெனி விளம்பரப் படம் கேட்டிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து, அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் பழையபடி கடைக்காரர்களுக்கு விசிட்டிங் கார்டு வரைந்து கொடுப்பதுதான். அதற்காக ஒரு நீலத் துணியை நாற்காலிமேல் தாறுமாறாகப் போட்டு, ஊசி குத்தி, பக்கத்தில் விளக்கு வைத்து, மூன்று நாளாக அதையே பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

"போட்டோ புடிச்சா ஒரு நிமிஷத்துல முடிஞ்சது. எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றேன்.

"போட்டோவைக் கட்டடம் உசரத்துக்குப் பெருசாக்குனா கலங்கிடும்பா. இது கலங்காது."

புள்ளி வைக்கிறாள், புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கிறாள், கோட்டைப் பிடித்து வளைக்கிறாள். ஒரு மடிப்புக்குள் ஏழு துண்டு நிழல். ஒரு ஓரம் வெட்டினாற்போல், மறு ஓரம் கரைந்தாற்போல். நிழல் என்றால் கறுப்புதானே என்றால் அதுவும் தப்பாம். "கறுப்பு வச்சா துணி அழுக்காத் தெரியும்பா. நீலத்துக்கு நிழலும் நீலம்தான்." சரி, உன் பாடு.

புதன்கிழமை அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். வீட்டில் நானும் அந்தத் துணியும் மட்டும். தம்பி, எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது? நாலு பேர் வந்து போகிற வீடு, பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஊசியைப் பிடுங்கினேன், தேய்த்தேன், எட்டாக மடித்து அலமாரியில் வைத்தேன். பெண் வந்து மெச்சுவாள் என்றுகூட நினைத்தேன், போ.

வந்தாள். "அப்பா, நாற்காலி மேல கெடந்த துணி எங்க?"

"அலமாரில இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கும், போய்ப் பாரு."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். (உட்காரவில்லை, விழுந்தேன் என்று எழுதுகிறாள். எழுதட்டும்.) படம் பாதிதான் ஆகியிருந்ததாம்.

"ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

"எடுத்தேன்பா. முக்கால்வாசி உங்க முதுகுதான் இருக்கு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வரைஞ்சுக்கோ. மேலேருந்து ஒன்பது மடிப்பு. நாலாவது பாதியில ரெண்டாப் பிரியும். ஏழாவது தரையைத் தொடாது" என்றேன்.

"எப்படிப்பா ஞாபகம் இருக்கு?"

"ஒவ்வொண்ணா எடுத்தவனுக்குத் தெரியாதா?"

அதிலிருந்து இரண்டு நாள் சிறை. வாயைத் திறந்தால் "மெதுவாச் சொல்லுங்க", மூடினால் "ஏன் நிறுத்திட்டீங்க". ஒரு மடிப்பு அச்சாக வந்துவிட்டது, என்னை அறியாமல் உள்ளங்கையால் திரையை நீவிவிட்டேன். தொட்டால் நகரும் திரையாம், படம் மொத்தமும் ஒரு பக்கமாக ஓடியது. "அப்பா! தொடாதீங்க!" என்று போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். பிறகு என்னை ஒரு கஜம் தள்ளி, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வைத்தாள். இந்த வயதில்!

இன்று காலை படம் போய்விட்டது. பதில் வரவில்லை. கை சும்மா இருந்தால் நகத்தைக் கடிக்கிறாள் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னேன். வேலை கிடைக்காவிட்டால் என்னால்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே சாப்பிட முடியாது. நாளைக்கே வா.

உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் என் ஆசி. கசங்கிய துணி எதுவும் என் கண்ணில் படாமல் எடுத்து வைக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன் (கைநாட்டு)

பின்குறிப்பு: வராதே. பதில் வந்துவிட்டது, வேலை நிரந்தரம். ஆனால் நாற்காலிக் கைப்பிடிக்குக் கீழே ஒரு சுருக்கம் இயற்கையாக இல்லையாம், எடுத்துவிடச் சொல்கிறார்கள். இவளும் சரி என்று தலையாட்டுகிறாள். இருந்ததப்பா, அந்தச் சுருக்கம் அங்கேதான் இருந்தது! அதை எடுக்க விடாமல் காவல் காக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். நான் எங்கேயும் வருவதாக இல்லை.