வட்டம் அண்ணையின் மூன்று பிள்ளைகள்

கொழும்பில் கார் மினுக்குகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் மினுக்கும் மெஷினின் சுவிட்சைத் தொடாமலே ஒரு முழுப் பகலையும் கழித்துவிட்டு, "இண்டைக்கு நல்ல வேலை நடந்தது" என்று மனநிறைவோடு பஸ் ஏறக்கூடிய ஒரே மனிதர் கொட்டாஞ்சேனை வட்டம் அண்ணைதான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கைபேசியிலும் 'வட்டம்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகிற முதுகுப் பையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார். பையைத் திறந்தால் முதலில் வெளியே வருவது மெஷின் அல்ல, மூன்று மட்டை வட்டங்கள். பிஸ்கற் பெட்டியில் வெட்டி, காரில் கீறல் விழாதபடி பழைய சாரத் துணியைச் சுற்றித் தைத்தவை. ஒன்று மூன்று அங்குலம், ஒன்று ஐந்து, ஒன்று ஏழு. மெஷினின் முகத்தில் ஒட்டித் தேய்க்கிற ஸ்பொஞ்சும் அவரிடம் அந்த மூன்று அளவில்தான் இருந்தது. அங்குலம் என்ற சொல்லை மட்டும் அவர் பாவிக்கமாட்டார். ஏழு மூத்தவர். ஐந்து நடுவிலான். மூன்று கடைக்குட்டி.

"மூத்தவருக்கு மொட்டைமாடி, நடுவிலானுக்கு வீடு, கடைக்குட்டிக்கு மூலை முடுக்கு. இந்தத் தொழில் இவ்வளவுதான்" என்பார். மொட்டைமாடி என்றால் காரின் கூரையும் பொனற்றும். வீடு என்றால் கதவுகள். மூலை முடுக்கு என்றால் பம்பர், கண்ணாடியடி, கதவுக் கைபிடியைச் சுற்றின இடம். இவ்வளவுதான் என்று சொன்னாரே தவிர, இவ்வளவோடு அவர் விட்டதே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் மட்டையை வைப்பார். முழங்காலில் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மட்டைக்கு அடியால் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் அந்த இடத்துக்கு அந்தப் பிள்ளை சரிவராது. அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். ஒரு காரைச் சுற்றி முடிக்க அரைநாள் போகும்.

பொரளையில் ஒரு டொக்டர், பெரிய ஸ்பொஞ்சாகப் போட்டுக் கெதியாக முடிக்கச் சொல்லியிருக்கிறார். வட்டம் அண்ணை குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, "டொக்டர், கைக்குழந்தைக்கும் கிழவனுக்கும் ஒரே அளவு மருந்தே குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் டொக்டரே கோல் எடுத்து, எந்தப் பிள்ளை எந்த இடத்துக்கு என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அண்ணையின் முகத்தில் வெற்றிக் களை ஒன்றும் இல்லை. ஒரு நோயாளி குணமான செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் அவரிடம் போன கதை இதைவிட மோசம்.

அக்காவும் அத்தானும் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மூன்று மாதம் கனடா போனார்கள். அத்தான் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஒரு முடி அகலம் வேலி தள்ளி நின்றாலும் கண்டுபிடிக்கிற கண். அவருடைய கடும் நீலக் காரை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, கிழமைக்கு ஒருதரம் ஸ்ரார்ட் பண்ணச் சொல்லித் திறப்பைத் தந்தார். தரும்போது திறப்பின் மறுமுனையை விட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஸ்ரார்ட் பண்ணச் சொன்ன காரை நான் ஓட்டினேன். தெஹிவளைக்குப் போய்வந்து பின்னுக்கு எடுக்கும்போது தூணில் பின் பம்பர் மெல்ல உரசியது. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான்தான் யூரியூப் பார்க்கிறவன் ஆயிற்றே. கந்தோர் நண்பர் டுபாயிலிருந்து கொண்டுவந்த மினுக்கும் மெஷினை இரவல் வாங்கினேன். ஸ்பொஞ்சு வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்காரர் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றை எடுத்து வைத்தார். "லொகு எக்க" என்று சிங்களத்தில் சொல்லிப் பெரியதைக் காட்டினேன். பெரிய துடைப்பம் கெதியாகக் கூட்டும் அல்லவா, அந்தக் கணக்கு.

நண்பரின் மெஷினில் ஸ்பொஞ்சு ஒட்டுகிற தட்டு ஐந்து அங்குலம். நான் ஒட்டிய ஸ்பொஞ்சு ஏழு. சுவிட்சைப் போட்டதும் ஸ்பொஞ்சின் விளிம்பு யானைக் காதுபோல அடித்தது. பம்பர் வளைவில் நடுப்பகுதி படவே இல்லை, விளிம்பு மட்டும் ஒரே இடத்தில் நின்று சூடேற்றியது. கோட்டைச் சுற்றி ஒரு வெளிறிய மேகம் வந்தது. மேகத்தை மறைக்க டிக்கியைத் தேய்த்தேன். பின்பக்கமும் முன்பக்கமும் ஒரேமாதிரி இருக்கவேண்டும் என்று பொனற்றையும் தேய்த்தேன். காலை வெயிலில் பார்த்தால் கடும் நீலத்தில் நூறு சிலந்திகள் வலை பின்னியிருந்தன.

அத்தான் வருவது ஞாயிறு. அன்றைக்குப் புதன். மனைவி காரை ஒருதரம் சுற்றி வந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை நான் விடியவே கோயிலுக்குப் போறன். நீங்கள் நிண்டு அத்தானோட கதையுங்கோ" என்றாள்.

சொன்னாலும், தன் கந்தோர்த் தோழி ஒருத்தி மூலம் வட்டம் அண்ணையின் இலக்கத்தை எடுத்துத் தந்ததும் அவள்தான்.

வியாழன் காலை வந்தார். காரைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை. என் பெரிய ஸ்பொஞ்சைக் கையில் எடுத்துத்தான் பெருமூச்சு விட்டார். பிறகு மட்டைகளை எடுத்தார். பத்து மணிக்குத் தொடங்கியவர் பன்னிரண்டு மணிக்கும் முழங்காலில்தான் இருந்தார். அத்தானின் விமானம் என் தலைக்குள் இரைந்துகொண்டிருந்தது. எப்போது மெஷினைப் போடுவார் என்று கேட்டேன்.

"நீர் போட்டனீர்தானே. என்ன கண்டனீர்?" என்றார்.

நான் போய் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தேன்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டோம். மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை குசினி வாசலில் நின்று தோசைக்கல்லைப் பார்த்தார். பையிலிருந்து மூத்தவரை எடுத்துவந்து, தட்டில் இருந்த ரொட்டிக்கு மேலே பிடித்தார். அச்சொட்டாகப் பொருந்தியது.

"பிள்ளை, ரொட்டி மூத்தவர். கல்லு அவரைவிடச் சின்னன். நடுவில கருகும், விளிம்பு வேகாது. உம்மட அவர் காருக்குச் செய்ததும் இதுதான்."

என் மனைவியின் ரொட்டியைப் பற்றி இருபது வருடமாக யாரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட. அவள் ரொட்டியைப் பிய்த்து விளிம்பைப் பார்த்தாள், பச்சை மா. பிய்த்த துண்டை வைத்துவிட்டு அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள். அண்ணை எனக்கு விளக்கினார். ஸ்பொஞ்சு தட்டைவிட ஒரு நூலளவு பெரிதாக இருக்கலாம். அப்போதுதான் தட்டின் ஓரம் பெயின்ற்றில் இடிக்காது. அதற்குமேல் வெளியே தொங்குகிற பகுதி வேலை செய்யாது, வேலை செய்கிற பகுதியையும் குழப்பும். சொல்லிக்கொண்டே வேகாத விளிம்பையும் விடாமல் நாலு ரொட்டி சாப்பிட்டார். பின்னேரம் இன்னொரு சுற்று மட்டை வைத்துவிட்டு, நல்ல வேலை நடந்ததாகச் சொல்லி பஸ் ஏறினார்.

வியாழன் இரவு எனக்கு நித்திரை இல்லை.

வெள்ளியும் சனியும்தான் மெஷின் ஓடியது. பொனற்றில் மூத்தவர் தன்பாட்டில் உலாவினார். கதவுகளில் நடுவிலான். பம்பருக்குக் கடைக்குட்டியை மாட்டியபோது அண்ணையின் குரலே மாறிவிட்டது. மதிலில் ஏறிய குழந்தையோடு கதைப்பதுபோல, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, காணும் இறங்கு" என்று எண்ணி எண்ணி எடுத்தார். சின்ன ஸ்பொஞ்சுக்கு ஓட இடம் குறைவு, அதனால் கெதியாகச் சூடாகிவிடும் என்றார். ஒவ்வொரு தடவையும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கட்டட வாச்சர், காருக்குக் காய்ச்சலா என்று என்னிடம் சிங்களத்தில் இரகசியமாகக் கேட்டார்.

சனி பின்னேரம் சிலந்திகள் எல்லாம் போய்விட்டன. வெள்ளைக் கோடும் மேகமும் போய்விட்டன. பம்பரின் மூலையில், ஒரு குத்திக் காசு அளவு இடம் மட்டும் மங்கலாக மிஞ்சியது. அதையும் ஒரு தேய் தேய்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அண்ணை ரோர்ச் அடித்துக் கனநேரம் பார்த்தார்.

"இதில கைவைக்க மாட்டன். பெயின்ற் மெல்லிசாப் போச்சு. இன்னும் ஒரு சுத்து எண்டால் பிறகு புதுப் பெயின்ற் அடிக்க டிங்கர் பாஸிட்டத்தான் போகவேணும். இது உம்மட வேலை மட்டுமில்லை. உமக்கு முன்னம் ஒருத்தர் இதில தேய்ச்சிருக்கிறார். கையால, துணியால, பயந்து பயந்து."

என்னைத் தேற்றச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அத்தானைத் தவிர அந்தக் காரை யார் தொட்டிருப்பார்கள்?

போகும்போது மூத்தவரை, அந்த ஏழு அங்குல மட்டையை, என் கையில் தந்தார். அவசரம் வருகிறபோதெல்லாம் எடுத்துப் பார்க்கட்டாம். தனக்கு வேறு வெட்டிக்கொள்ள எங்கள் வீட்டு வெறும் பிஸ்கற் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை மனைவி சொன்னபடி கோயிலுக்குப் போனாள். விமான நிலையத்திலிருந்து வந்த வாகனத்தால் இறங்கிய அத்தான், பெட்டிகளை அக்காவிடம் விட்டுவிட்டு நேரே காரடிக்கு வந்தார். கண்ணாடியை மாட்டினார். பொனற்றைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். நான் தூணோடு தூணாக நின்றேன், அந்தத் தூண்தான். பின்பக்கம் போனார். குந்தினார். பெருவிரல் நேராகப் போய் அந்த மங்கலில் நின்றது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அத்தான் எனக்கு முந்திக்கொண்டார். அக்கா நிற்கிற பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"தம்பி, இந்த மூலை போன வருஷம் கேற்றில பட்டது. ஒரு பேஸ்ற் வாங்கித் துணியால தேய்ச்சு ஒருமாதிரி மறைச்சனான். கொக்காவுக்குத் தெரியாது. நீரும் காணாத மாதிரி இரும்."

"நான் ஒண்டும் காணேல்லை அத்தான்" என்றேன். மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரு மூச்சு விட்டேன்.

"மற்றும்படி வடிவா வைச்சிருக்கிறீர். மினுங்குது" என்று என் தோளில் தட்டினார்.

தூணின் கதையை அன்றைக்கே நானும் சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை அத்தான் தவறாமல் வாசிப்பார் என்பதால் இப்போது சொல்லிவிட்டேன். அக்காவும் தவறாமல் வாசிப்பார். அது அத்தானின் பாடு.

அவர்கள் காரை எடுத்துக்கொண்டு போனதும் வட்டம் அண்ணைக்குக் கோல் எடுத்தேன். தப்பிவிட்டேன் என்றேன்.

"நீர் தப்பினது கிடக்கட்டும். அந்த மூலையில ஆரும் கைவைக்கேல்லைத்தானே?" என்றார். இல்லை என்றதும் மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. என்னுடையதைவிட நீளமானது.

இப்போது அத்தானே அவரைக் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் ஒவ்வொரு கண்ணை மூடிக்கொண்டு காரைச் சுற்றுகிறார்கள். வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் அண்ணை எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. வேகாத ரொட்டி சாப்பிட வந்துவிட்டார் என்று மனைவி இன்னமும் முணுமுணுப்பாள். ஆனால் போன கிழமை, புதுத் தோசைக்கல் வாங்க அவளோடு காலி வீதிக் கடைக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்தவள், நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன் என்று நினைத்துக் கைப்பையைத் திறந்து, சாரத் துணி சுற்றிய மூத்தவரை எடுத்துக் கல்லின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.