கீழே, மேலே, கீழே

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

பழுப்புக் கோட்டுக்காரர் கேட்டது இவ்வளவுதான். மலக்கி கன்சிடைனின் வலது கை பாதிப் பாட்டில் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டிம்ப்னாவின் பப்பில், நெருப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவன் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் புதியவரான அந்த மனிதர் எதிரே வந்து உட்கார்ந்ததையோ, தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததையோ அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசிகர் என்று நினைத்துவிட்டான்.

மலக்கி குனிந்து கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்தான். வந்தவர் சங்கடமாகச் சிரித்தார். "ரொம்ப வித்தியாசமா இருக்கு," என்று சொல்லி எழுந்தார். மலக்கியின் பேரில் ஒரு பெரிய கிளாஸ் கறுப்புப் பியருக்குக் காசு கொடுத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. கேக் கல்லாக இருந்தால், யார் வீட்டுப் பக்குவம் என்று விசாரிப்பார்கள். பிறந்த குழந்தை பார்க்கச் சகிக்காவிட்டால், எவ்வளவு முடி பாரேன் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் போட்ட வேலி கோணலாக இருந்தால், நீங்களே போட்டீங்களா என்று கேட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். 'எங்கே கற்றீர்கள்' என்று ஒருவர் கேட்டால், தயவுசெய்து இனிமேல் அதைத் தொடாதே என்று அர்த்தம். 'வித்தியாசமா இருக்கு' என்பது அதற்கு மேல் குத்தும் முத்திரை.

டிம்ப்னா பியரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாவு வீட்டுக்கு சாண்ட்விச் குடுத்தனுப்புற மாதிரி குடுத்துட்டுப் போயிருக்காரு பாவம்," என்றாள். "முகத்துல அப்படி ஒரு வருத்தம்."

"மச்சான், அவரு உன் முகத்தையே பாக்கல," என்றான் டெக்லன். மலக்கியின் மனைவி நோரீனுக்குத் தம்பி. அக்காள் புருஷனுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசுபவன். "உன் வலது கையையேதான் பாத்துட்டிருந்தாரு. சீக்கு வந்த மாட்டைப் பாப்பாங்களே, அந்த மாதிரி."

மலக்கி பியரைக் குடித்தான். கசந்தது. பியர் எப்போதும் கசக்கும்தான். ஆனால் இது வேறு கசப்பு.

அன்று மாலையே வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் பாஞ்சோ வாசிப்பவர்களைத் தேடிப் பார்த்தான். அடுத்தவர் கையை அவன் அதுவரை கவனித்ததே இல்லை. கவனித்தபோது அதையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

ஜிக் என்ற ஆட்டப் பாட்டு மூன்று மூன்றாக ஓடும். தகிட, தகிட. உலகத்தில் பாஞ்சோ பிடித்த அத்தனை பேரும் விரலிடுக்கில் பிடித்த பிக் என்ற மீட்டும் சில்லை ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். கீழே, மேலே, கீழே. அடுத்த 'தகிட'வுக்கும் மறுபடி கீழே, மேலே, கீழே. ஒவ்வொரு 'த'வும் கம்பியில் கீழ்நோக்கி ஓங்கி விழுந்தது.

மலக்கியின் கையோ மேலும் கீழுமாக நிற்காமல் ஓடுவது. முதல் 'த' கீழே விழுந்தால் அடுத்த 'த' மேலே போகும். தொழில் அப்படி. அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பிரஷைக் கீழே இழுத்தால் அடுத்தது மேலேதானே தள்ள வேண்டும்? இரண்டு இரண்டாக ஓடும் ரீல் பாட்டுக்கு அது கச்சிதம். ஜிக்குக்கு அது பிழை என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள். பாவிகள்.

இதில் அவன் மானம் மட்டும் போவதாக இருந்தால் பரவாயில்லை. நோரீன், டெக்லன், கார்வி அக்கா தங்கை என்று நால்வர் ஆடும் கில்லாவன் ஊர்க் குழுவுக்கு மலக்கிதான் ஒரே வாத்தியம். ஆட்டத்தில் பாதி ரீல், பாதி ஜிக். மாவட்ட இறுதிப் போட்டி நெருங்கிவிட்டது. பக்கத்து ஊரான பாலிநாஹாவை அவர்கள் இதுவரை ஜெயித்ததில்லை. இந்த வருஷம் நிச்சயம் என்று நோரீன் சமையலறை அலமாரியில் கடியாரத்தை நகர்த்தி, கோப்பைக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டாள். குழந்தை ஏசு சிலைக்குப் பக்கத்தில் அந்த வெற்றிடம் தினமும் காலை உணவின்போது மலக்கியைப் பார்த்தது.

யாருக்கும் தெரியாமல் கையைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தான்.

திங்கட்கிழமை, லில்லிஸ் அம்மாவின் நூல் கடை முகப்புக்கு நீல வர்ணம். பாஞ்சோவை வேலைக்குக் கொண்டுபோக முடியாது. பிரஷ் இருக்கிறதே. கீழே, மேலே, கீழே. கீழே, மேலே, கீழே. வாய்க்குள் ஜிக்கை முனகியபடி சுவர் முழுக்க அடித்தான். கை அருமையாக வசப்பட்டது. மதியம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு 'கீழே' அடுத்தடுத்து வந்த இடத்திலெல்லாம் வர்ணம் தடித்து, நடுவில் வெளிறி, கடை முழுக்க வரிக்குதிரை.

லில்லிஸ் அம்மா வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கு, மலக்கி," என்றாள்.

மறுநாள் தன் செலவில் மறுபடி அடித்தான். இந்த முறை பழையபடி மேலும் கீழுமாகத்தான். சுவர் சரியாகிவிட்டது. முந்தின நாள் கை கற்றதெல்லாம் சுவரோடு போய்விட்டது.

புதன்கிழமை ஒத்திகை. ரீல் ஓடியது. ஜிக் ஆரம்பித்ததும் மலக்கி பல்லைக் கடித்துக்கொண்டு முறைப்படி வாசித்தான். கீழே, மேலே, கீழே. டெக்லன் மூத்த கார்வியின் காலை மிதித்தான். இளைய கார்வி எதிர்த்திசையில் சுழன்று போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மச்சான் இது," என்றான் டெக்லன், மூச்சு வாங்கிக்கொண்டு. "கால் மேல போற நேரத்துல உன் பாட்டு கீழ விழுது. படி இருக்குன்னு நெனச்சு இல்லாத படியில கால வெச்ச மாதிரி இருக்கு."

நோரீன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவன் கையையே பார்த்தாள். பழுப்புக் கோட்டுக்காரர் பார்த்த அதே பார்வை. மலக்கி பிக்கைக் கீழே வைத்தான். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டான்.

சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் நோரீன் குதிரைக்குப் பூசும் தைலத்தை எடுத்து வந்து முழங்கை வரைக்கும் தேய்த்தாள். மரக்கரண்டியை வைத்துக் கட்டுப் போட்டாள். போட்டி நாள் வரை பாஞ்சோவைத் தொடக் கூடாது என்று அதைப் பெட்டியோடு தூக்கித் தன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள். பக்கத்தில் அவள் நாய் வேறு படுத்துக்கொண்டது.

அதன்பிறகு மலக்கிக்குக் கிடைத்ததெல்லாம் குளியலறைதான். கட்டைக் கழற்றிவிட்டுப் பல் தேய்க்கும் பிரஷால் சாதகம் செய்தான். கதவுக்கு வெளியே நோரீனின் குரல் கேட்டது.

"மலக்கி, நீ பல்லு தேய்க்கிறது ஏன் தத்தித் தத்தி வருது?"

"ஈறு வலிக்குது."

அந்த வாரம் முழுக்க அவனுக்குக் கஞ்சிதான் கிடைத்தது. நாயின் தட்டில் ஆட்டிறைச்சி இருந்தது.

சுளுக்கு ஆறுவதாகத் தெரியாததால், நோரீன் கடைசி முயற்சியாகத் தன் சுயமரியாதையை விழுங்கினாள். எதிரி முகாமுக்கே போனாள். பாலிநாஹாவுக்குப் புதிதாக வந்திருந்த மாட்டு டாக்டர் அருமையான பாஞ்சோக்காரர், அவர்களுடைய குழுவுக்கு அவர்தான் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். தங்களுக்கும் ஒரு பாட்டு வாசித்துத் தர முடியுமா என்று கேட்கப் போனவள், முகம் தொங்கத் திரும்பினாள். டாக்டர் தங்கமான மனிதராம், கேக் எல்லாம் கொடுத்தாராம். ஆனால் கொஞ்ச நாளாகத் தன் கையே தன் பேச்சைக் கேட்பதில்லை என்று சொல்லி வருத்தப்பட்டாராம்.

"ஊருக்கு ஊர் பாஞ்சோக்காரனுக்குக் கை வாதம் வந்திருக்கு," என்றாள் நோரீன். "ஈரக் காத்துதான் காரணம். கையைக் காட்டு, இன்னொரு தடவ தைலம் தேய்ச்சு விடறேன்."

போட்டி நாள் வந்தது. என்னிஸ் நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். திரைக்குப் பின்னால், கட்டு அவிழ்த்த கையைத் தேய்த்துக்கொண்டு, தைல வாசனையோடு மலக்கி நின்றான். முதலில் பாலிநாஹா. திரை மறைத்ததால் ஆளும் தெரியவில்லை, ஆட்டமும் தெரியவில்லை. வாசிப்பு மட்டும் கேட்டது. ரீல் மழை கொட்டுவதுபோல் வந்தது. பிறகு ஜிக். நாலடி போனதும் அந்தப் பாஞ்சோ தடுமாறியது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. நொண்டியது. பலகை மேல் எட்டுக் கால்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவது கேட்டது.

டெக்லன் திரை ஓட்டை வழியே ஆடுபவர்களின் கால்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினான். முகம் பளபளத்தது.

"மச்சான், கடவுள் இருக்காரு. அவங்க காலி. நீ எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசி, போதும். கப்பு நம்ம வீட்டுக்கு வருது."

எப்பவும் வாசிக்கிற மாதிரி. அதுதான் எந்த மாதிரி என்று மலக்கிக்கு இப்போது ஞாபகம் இல்லை.

ரீல் முடிந்தது. ஜிக் தொடங்கியது. முறைப்படி எட்டு அடி வாசித்தான். டெக்லன் மூத்த கார்வியின் காலை மிதித்தான். நோரீனின் கண் ஒரு தரம் அவன் மேல் பாய்ந்தது. பயத்தில் கை தானாகப் பழைய வழிக்கு ஓடியது. அடுத்த கணம் நாலு பேரும் காற்றில் எழும்பினார்கள். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐயோ, இது தப்பல்லவா என்று நினைத்தான். நினைத்ததும் கை நின்று யோசித்தது. பிறகு கீழே போவதா மேலே போவதா என்று முடிவெடுக்க முடியாமல் பக்கவாட்டில் போனது. பிக் விரலிலிருந்து பறந்து நடுவரின் தேநீருக்குள் விழுந்தது. மிச்சத்தைக் கட்டைவிரல் நகத்தால் வாசித்தான். அதை வாசிப்பு என்று சொல்வது பெரிய மனது.

கோப்பை மூன்றாவதாக மேடையேறிய ஊருக்குப் போயிற்று. அவர்கள் சுமாராகத்தான் ஆடினார்கள். ஆனால் அவர்களுடையது அக்கார்டியன். அதற்குக் கீழும் கிடையாது, மேலும் கிடையாது. பொத்தானை அமுக்கினால் சரி.

தேநீர் மேஜைக்குப் பக்கத்தில் நோரீன் முட்டை சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள்.

"வீட்டுக்குப் போனதும் கடியாரத்தைப் பழைய எடத்துல வெச்சுடு," என்றாள்.

மலக்கி உடைந்துவிட்டான். எல்லாவற்றையும் கொட்டினான். பழுப்புக் கோட்டு, அனுதாபப் பியர், வரிக்குதிரைச் சுவர், இல்லாத சுளுக்கு, பல் பிரஷ். நோரீன் கேட்டுக்கொண்டே சாண்ட்விச்சை முழுசாகத் தின்று முடித்தாள்.

"எவனோ ஒருத்தன் கேட்டான்னு, நாங்க வருஷக்கணக்கா ஆடின ஜிக்கையே மாத்திட்டியா?" என்றாள். "அந்த மேல அடிக்கிற எடத்துலதான்டா எங்க காலே கிளம்பும். யாரு அந்த ஆளு? காட்டு. அவனுக்கும் கொஞ்சம் தைலம் தேய்க்கணும்."

காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழுப்புக் கோட்டு அவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் பாஞ்சோப் பெட்டி.

நோரீன் கண்ணைச் சுருக்கினாள். "இவரா? இவரு பாலிநாஹா மாட்டு டாக்டராச்சே."

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். தூங்கியே பல நாளானவர் போலிருந்தார்.

"நான் முறைப்படி கத்துக்கிட்டவன், கீழ மேல கீழன்னு," என்றார். "அன்னிக்கு உங்க கை போற அழகைப் பாத்ததுலேருந்து அதே மாதிரி வாசிக்கணும்னு பழகிப் பழகி என் கையும் போச்சு, எங்க கப்பும் போச்சு. இப்பவாவது மறைக்காம சொல்லுங்க, மலக்கி. அதை எங்க கத்துக்கிட்டீங்க?"