இருபத்தஞ்சுல போங்க தம்பி

திருப்பூரில் ரோட்டைக் கடக்கும் அத்தனை பேருடைய பயத்தையும் ஒரு தட்டில் கொட்டி, மறு தட்டில் ஆல்டர் அக்காவை மட்டும் உட்கார வைத்தால், அக்கா பக்கம்தான் தாழும்.

அக்கா எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங். தையல் விட்டிருந்தாலும் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும், குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, "ஆல்டர்" என்று சொல்லித் திருத்தத்துக்குத் தள்ளிவிடுவார். இந்தப் பழக்கம் மேஜையோடு நிற்கவில்லை. டீக்கடை கிளாஸில் விரிசலா, அம்பு. மேனேஜரின் காலர் கிழிந்திருந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்த அன்று முழுக்க மனிதர் பின்கழுத்தில் அம்போடு திரிந்தார்.

நான் அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். லைசென்ஸுக்காக மூன்று முறை எட்டு போடப் போனவன். முதல் முறை மூன்று வந்தது, அடுத்த முறை ஆறு, கடைசி முறை இன்ஸ்பெக்டர் கால்மேல் ஏறியது. என்னைப் போன்றவர்களுக்காகவே லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வேண்டாத மின்சார ஸ்கூட்டர் வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. வாங்கினேன். வேலம்பாளையத்தில் அக்கா பக்கத்து வீடு; முதலிபாளையம் கம்பெனிக்கு அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். முதல் நாளே கையில் இரண்டு ஹெல்மெட்.

"லைசென்ஸே வேண்டாத வண்டிக்கு இதெதுக்குங்க்கா?"

"லைசென்ஸ் வேண்டாம்னுதானுங்க தம்பி சொன்னாங்க. மண்டை வேண்டாம்னு சொன்னாங்களா?"

வண்டிக்குச் சத்தம் கிடையாது. யார் காதிலும் விழாமல் போய் மோதிவிடுவோம் என்று அக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். என் ஹாரனை அவர் நம்பவில்லை. அவரே ஹாரன் ஆனார். "ஏனுங்க, பின்னால வண்டி வருதுங்க, கோவிச்சுக்காம கொஞ்சம் ஒதுங்குங்க" என்று அவர் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆளைத் தாண்டிப் பத்தடி வந்திருப்போம். வடக்கத்திப் பையன்களிடம் "ஹட்டுங்க பையா" என்பார். என் தோளைப் பிடித்திருக்கும் விரல்களின் தடம் மதியச் சாப்பாடு வரை இருக்கும்.

ஒருநாள் பால்கேனோடு சைக்கிளில் வந்த பெரியவர் எங்களை முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "ரிப்பேருங்களா? தள்ளி உடோணுங்களா?"

எனக்கு மானம் போய்விட்டது. அன்று சாயங்காலமே மெக்கானிக்கிடம் போனேன்.

"ஸ்பீடு லாக்கை எடுத்தா நாப்பத்தஞ்சு போகுங்க. ஆனா அப்புறம் சட்டப்படி இது மோட்டார் வண்டிங்க. லைசென்ஸ், நம்பர், இன்சூரன்ஸ் எல்லாம் கேப்பாங்க. புடிச்சா என்ற பேரச் சொல்லிராதீங்க."

எடுக்கச் சொல்லிவிட்டேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, காத்து ஜாஸ்தியா அடிக்குதுங்களே?"

"ஆடி மாசமுங்க்கா."

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. தினமும் "இருபத்தஞ்சுல போங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறுவார். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி உண்டா என்று கேன்டீனில் அவரைப் போல நடித்துக் காட்டி நான் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அது மழை விட்டிருந்த ஒரு காலை. துணி ரோல் ஏற்றிய டெம்போ ஒன்று கை காட்டாமல் திரும்பியது. பிரேக்கைப் பிடித்தேன். இருபத்தைந்துக்குச் செய்த பிரேக், நாற்பத்தைந்தைப் பிடிக்குமா? வண்டி சறுக்கிக்கொண்டே போனது. டெம்போவின் பின்சக்கரம் பெரிதாகி, பெரிதாகி, என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பின்னால் 'டொக்' என்று ஹெல்மெட் தரையில் மோதும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாய் குறுக்கே வந்தாலே அலறுகிறவர், கண்ணை மூடிக் கிடந்தார். என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. அவர் ஹெல்மெட் வாரைக் கழற்றக்கூட எனக்கு வரவில்லை.

"அக்கா, கண்ணத் தொறங்க்கா. தப்புப் பண்ணிட்டேனுங்க்கா. லாக்கை எடுத்துட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேனுங்க்கா."

கண்ணைத் திறக்காமலே உதடு அசைந்தது. "தெரியுங் கண்ணு."

"எப்பத்துல இருந்துங்க்கா?"

"மொத நாளே தெரியும். முப்பது வருசமா செக்கிங்ல இருக்கறேன். காத்துக்கும் வேகத்துக்கும் வித்தியாசந் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா தெனமும் ஏறுனீங்க? கம்பெனி பஸ்ஸுல போயிருக்கலாமுல்லங்க்கா."

அக்கா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதைக் கவனிக்காமல், என் முட்டியில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தார்.

"நான் இல்லீன்னா நீ இன்னும் வெரசாப் போவீல்ல. பின்னால நான் இருந்தாலாவது, நான் உழுந்துருவேன்னு கொஞ்சம் மெதுவாப் போவீன்னு இருந்தேன்."

நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். டெம்போக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்றுதான் அதுவரைக்கும் எல்லா ஃபார்மிலும் எழுதிக்கொண்டிருந்தேன்.