கூறை நசிந்த கதை

கொழும்புத் தமிழருடைய கார் நடுத்தெருவில் நின்றுவிட்டால் அவர்கள் முதலில் பொனட்டைத் திறப்பதில்லை, போனைத்தான் திறப்பார்கள். பத்தடி தூரத்தில் கராஜ் இருக்கலாம். வாசலில் மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். ம்ஹூம். அவன் தெரியாத ஆள். நமக்கு வேண்டியது ‘நம்பிக்கையான ஆள்’. அவர் எப்போதும் நகரத்தின் மறுகோடியில்தான் இருப்பார். குழாய் உடைந்தாலும், ஃபிரிட்ஜ் நின்றாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடினாலும் இதே கதைதான். இந்த நம்பிக்கையான ஆட்களால் நான் பட்ட பாட்டை எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

என் தம்பி கஜனுக்குக் கல்யாணம். நாங்கள் வெள்ளவத்தை. மண்டபம் கொட்டாஞ்சேனையில், ஒரு கோயிலோடு சேர்ந்தது. மாப்பிள்ளையின் அக்கா என்பதால் பெண்ணுக்குத் தோழி நான்தான், கூறைக்குப் பொறுப்பும் நான்தான். (எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறைச் சேலையைச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து, பெண் உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. கூறை வராவிட்டால் ஐயர் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது.)

அப்படிப்பட்ட கூறை, கல்யாணத்தன்று காலையில் பாமன்கடையில் ஒரு தையற்கார அக்காவின் வீட்டில் கிடந்தது. ஏன் என்று கேட்பீர்கள். நான் ஒரு அதிகப்பிரசங்கி, அதனால்தான். பெண் கூறைக்குப் போடும் சட்டையின் கையில் வைத்த பட்டி ஒரு நூல் அகலம் கூடிப்போய்விட்டது என்று முதல்நாள் பின்னேரம் திருத்தக் கொடுத்தேன். நிறம் பொருத்திப் பார்க்கட்டும் என்று கூறையையும் சேர்த்தே கொடுத்தேன்.

“விடு பிள்ளை, சட்டைக் கையை ஆர் பாக்கப்போகினம்?” என்றார் அம்மா.

“நான் பாப்பன்!” என்றேன்.

ஆகவே தம்பியும் அம்மாவும் என் கணவர் ரமணனும் மற்றச் சனமும் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். நான் மட்டும் பாமன்கடையில் கூறையை எடுத்துக்கொண்டு வந்து சேருவதாக ஏற்பாடு. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து நாலு மாதம். தன்பாட்டில் கியர் மாற்றிக்கொள்ளும் சின்ன ஜப்பான் கார். அம்மாவின் நகை, என் நகை எல்லாம் என் கழுத்தில். பக்கத்து இருக்கையில் கூறைத்தட்டு. அந்த நேரத்தில் என் தலைக்கனத்தைத் தனியாக நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

பொரளைக்குப் போகும் வழியில், கனத்தை மயான மதிலோரம் வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன. எட்டிப் பார்த்தால் மரண ஊர்வலம். (கல்யாணக் கூறையோடு போகிறவளுக்கு முன்னால்! அம்மா அறிந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார்.) பெற்றோலை ஏன் வீணாக்குவது என்று என்ஜினை நிறுத்தினேன். ஊர்வலம் போனது. திறப்பை, அதுதான் சாவியை, திருப்பினேன். கார் மூச்சுக் காட்டவில்லை. மறுபடி திருப்பினேன். ம்ஹூம். பின்னால் நின்ற பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கடைசியில் மூன்று பேர் இறங்கிவந்து காரைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். ஓரம் என்றால், மலர்வளையம் கட்டி விற்கும் கடை வாசல். அதற்குப் பக்கத்துக் கடையில் சவப்பெட்டி.

ரமணனுக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, கார் நிண்டிட்டுது!”

“நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும். எனக்கு ஒரு ஆள் இருக்கு.”

இந்த ஒரு வசனத்துக்காகவே அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“தெமட்டகொடையிலை பாரூக் நானா. நம்பிக்கையான ஆள். நம்பர் அனுப்புறன். தெரியாத ஆக்களைக் காரிலை கைவைக்க விடாதையும். இவ்வளவு நகையோட தெரியாத த்ரீவீலிலையும் ஏறாதையும். விளங்குதோ?”

விளங்கியது. பாரூக் நானாவுக்கு எடுத்தேன். வீதியில் காது கிழியும் சத்தம். அதே நேரம்தான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். கார் தள்ளுப்பட்டதில் தட்டு கவிழ்ந்து, என் கைப்பையும் தண்ணீர்ப் போத்தலும் பழச்சீப்பும் மேலே கிடக்க, கூறை கசங்கி நசிந்திருந்தது.

“செல்லுங்க தங்கச்சி, வாகனத்துக்கு என்ன?” என்றார் நானா. (அவர்கள் ‘சொல்லுங்க’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.)

“வாகனம் கிடக்கட்டும் நானா! கூறை! கூறைதான் முக்கியம்!”

“கூரைக்கு என்ன?”

“நசிஞ்சு போச்சு நானா!”

“யா அல்லாஹ்! நல்லா நசிஞ்சிட்டா?”

“நல்லா நசிஞ்சிட்டுது! இதை இப்பிடியே மண்டபத்துக்குக் கொண்டுபோக ஏலாது. கனத்தை மதிலோரம் நிக்கிறன், கெதியா ஆளை அனுப்புங்கோ!”

“ஒங்களுக்கு ஒண்டும் இல்லியே?”

“ஐயோ, என்னை விடுங்கோ! கூறையைப் பாருங்கோ!”

“பயப்புடாதீங்க. அதுக்கெண்டே ஒரு ஆள் ஈக்கிறார், இப்பவே அனுப்புறன்.”

என்ன தங்கமான மனிதர் என்று நினைத்தேன். சேலை நசிந்ததற்குக்கூட இப்படிப் பதறுகிறாரே!

அதற்குள் ரமணன் மண்டபத்தில் தமுக்கடித்துவிட்டார் போல. போன் அடிக்கத் தொடங்கியது. பெரியப்பாவுக்குக் கிருலப்பனையில் ஒரு ஆளாம். பெரியப்பாவின் மருமகனுக்குத் தெகிவளையில் ஒரு ஆளாம், அவர் பெரியப்பாவின் ஆளைவிட நம்பிக்கையாம். கனடாவிலிருந்து சின்ன மாமி, அங்கே நடுச்சாமம், நித்திரையால் எழும்பி எடுத்து, “முந்தி எங்கட வானைப் பாத்தவர் ஒருத்தர், இப்ப உயிரோட இருக்கிறாரோ தெரியாது, கேட்டுப் பார்” என்கிறார். ஒருவராவது, ‘பிள்ளை, நீ எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டாரா? கேட்கவில்லை. கடைசியாக எடுத்தவரின் நம்பிக்கையான ஆளுக்குப் பெயர் வருமுன் என் போன் செத்துப்போனது.

இவ்வளவு நேரமும் மலர்வளையக் கடைக்காரர், ஒரு சிங்கள ஐயா, வாசலில் நின்று காருக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்தார். “மிஸ், கியர் எக்க...” என்று தொடங்கினார்.

“எப்பா, எப்பா! அபே கெனெக் எனவா!” என்று கத்தினேன். (வேண்டாம், எங்கட ஆள் வருகுது!) கத்தியதோடு விடாமல் கதவையும் பூட்டினேன். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் உள்ளே எதையோ காட்டினார். என் சங்கிலியைத்தான் காட்டுகிறார் என்று சேலைத்தலைப்பால் கழுத்தை மூடினேன். பாவம், இரண்டாம் தரமும் வந்து அதே இடத்தைக் காட்டினார். இரண்டாம் தரமும் விரட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று த்ரீவீல்காரர் நின்று “எங்க போகணும் மிஸ்?” என்று கேட்டார்கள். மூவரையும் அனுப்பினேன். அதில் எதில் ஏறியிருந்தாலும் நான் நேரத்துக்குப் போயிருப்பேன். ஆனால் என்ன செய்ய, தெரியாத ஆட்கள்!

ஒரு மணித்தியாலம் கழித்து நம்பிக்கையான ஆள் வந்தார். த்ரீவீலின் பின்பக்கம் காஸ் சிலிண்டர், வெல்டிங் குழாய், சிறிதும் பெரிதுமாக நாலு சுத்தியல். டிங்கர் பாஸ்! அதாவது, இடித்த கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர். இறங்கி வந்து காரின் கூரையைத் தடவினார். குனிந்து பார்த்தார். மறுபக்கம் போய்த் தடவினார்.

“மிஸ், எங்க நசிஞ்சது? கூரை நல்லாத்தானே ஈக்கிது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழுக்கு இரண்டு ‘ர’ வைத்தவர்கள் பொரளைச் சத்தத்தில் நின்று போனில் கதைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் கூறைச் சேலையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

“இதுதான் கூறை! இது! இது!”

பாஸ் சேலையைப் பார்த்தார். கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். “மே சாரியக்னே!” என்றார். ஓம் ஐயா, சாரிதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகூர்த்தம் போகிறது, கார் அசையவில்லை, வந்தவனும் தகரம் தட்டுகிறவன் என்று பாதி தமிழும் பாதி சிங்களமுமாக அவரைப் பிடித்துப் பேசினேன். அவர் கதவால் கையை விட்டு, ‘டீ’ என்ற எழுத்தில் கிடந்த கியர்த் தடியை முன்னால் தள்ளினார். திறப்பைத் திருப்பினார். கார் சாதுவான சத்தத்தோடு ஸ்டார்ட் ஆனது.

“டீயில போட்டா ஸ்டார்ட் வராதே, மிஸ்.”

மலர்வளையக் கடைக்காரர் “மங் கிவ்வனே!” என்றார். நான் சொன்னேனே என்றுதான் அர்த்தம். பக்கத்தில் சவப்பெட்டிக் கடை இருந்தும் எனக்கு அந்த நேரத்தில் சாவு வரவில்லை.

கொட்டாஞ்சேனைக்கு எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினால், நாதஸ்வரமும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்து தலையிலடித்து அழுதுகொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் ‘ஐயோ என்ர பிள்ளை’ என்று கட்டிப்பிடித்தார். பிறகு விட்டு, முதுகில் ஒன்று வைத்தார். மணவறையில் பெண் தர்ஷினி தனியாக இருக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் இடம் வெறுமை.

“கஜன் எங்கை?”

ரமணன் என்னை ஒரு பக்கமாக இழுத்துப்போய்ச் சொன்னார். நடந்தது இதுதான். பாரூக் நானா நல்ல மனத்தோடு அவருக்கு எடுத்து, “கூரை நசிஞ்சிட்டாம், தங்கச்சி என்னை விடுங்கோ விடுங்கோண்டு கத்துறாங்க” என்றிருக்கிறார். கூரை நசிவதென்றால் கார் புரண்டிருக்க வேண்டும். எனக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. இவர், இந்தப் புத்திசாலி, மணவறைக்குப் பக்கத்தில் நின்று “கார் பிரண்டிட்டுதாம்!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். தம்பி எழும்பினான். தலைப்பாகையோடும் மாலையோடும் ஓடினான். பெண்ணின் அண்ணாதான் பின்னால் ஓடிக் காரில் ஏற்றிக்கொண்டு பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

கூறை வந்துவிட்டது, மாப்பிள்ளை இல்லை! சபையில் பின்வரிசைகளுக்குக் காரணம் போய்ச் சேரவில்லை. “மாப்பிள்ளை ஓடிட்டாராம்” என்று ஒரு மனிசி என் காதுபட மற்றவளுக்குச் சொல்கிறாள். பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தர்ஷினி குனிந்த தலை நிமிரவில்லை, கன்னத்தில் கண்மை வழிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நூல் அகலப் பட்டிக்காக நான் செய்துவைத்த வேலை இது.

அவளின் அண்ணாவுக்கு எடுத்து நான் உயிரோடிருக்கும் செய்தியைச் சொன்னோம். முகூர்த்தம் முடியக் கால் மணித்தியாலம் இருக்கும்போது தம்பி வந்தான். மாலை பாதி அறுந்திருந்தது. தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்திருந்தான்.

எனக்கு வந்ததே கோபம். “விசரா! மணவறையை விட்டு எழும்பலாமோடா? அந்தப் பிள்ளையைத் தனிய விட்டிட்டு ஓடலாமோ?”

“நீ செத்திட்டாய் எண்டு நினைச்சன் அக்கா,” என்றான். சொல்லிவிட்டு, முந்நூறு பேருக்கு முன்னால், சின்னப் பிள்ளையாக விக்கி விக்கி அழுதான். விபத்துப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தானாம். அவனுடைய தலைப்பாகையை வாங்கி நானே வைத்துவிட்டேன்.

தர்ஷினி கூறை மாற்றிய வேகத்தில் சட்டைக் கையின் அந்தப் பட்டி பிய்ந்துபோக, ஊசியால் குத்தித்தான் அனுப்பினோம். தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது.

ரமணன் இன்றைக்கும் “நீர் கூறை கூறையெண்டு கத்தினபடியால்தானே” என்கிறார். கதைக்கட்டும். எனக்கு ஆத்திரம் அதில்கூட இல்லை. இப்போது நான் பாமன்கடை மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் தர்ஷினியிடமிருந்து போன் வருகிறது.

“மச்சாள், போய்ச் சேர்ந்தவுடனை ஒரு மெசேஜ் போடுங்கோ. இவர் இப்பதான் சாப்பாட்டிலை இருந்தவர், எழும்பி ஓடிடுவார்.”

பின்னால் முழுக் குடும்பமும் சிரிக்கும் சத்தம் கேட்கும். தம்பியின் சிரிப்பு மட்டும் அதில் கேட்காது. பத்தி எரியும் எனக்கு. ஆனாலும் போய்ச் சேர்ந்தவுடன் மெசேஜ் போட்டுவிடுகிறேன்.