குதிரை ஓட்டத் தெரியும் என்று சொன்ன நாள்

'தெரியாது' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல நான் கற்றுக்கொண்டது இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு என்னிடம் எதைக் கேட்டாலும் தெரியும் என்பேன். நீச்சல்? தெரியும். இந்தி? தெரியும். (எண்கள் மட்டும். அதுவும் ஏழு வரைக்கும்.) இந்தப் பழக்கத்தால் பெரிய சேதாரம் எதுவும் இல்லாமல் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் முதலாளி ஒருநாள் காலை அச்சகத்துக்குள் வந்து நின்று கேட்டார்.

"ஏலே, இங்கன யாருக்குக் குதிரை ஓட்டத் தெரியும்?"

என் கை எனக்கு முன்பே மேலே போய்விட்டது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளுக்கு மேலட்டை வடிவமைப்பது வேலை. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். கையால் வரைந்த படங்கள் மறைந்து, போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டுவது வந்திருந்த சமயம். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வைத்திருந்த ஒருவர் தீபாவளி கிப்ட் பாக்ஸுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். அவருக்கு வெள்ளைக் குதிரை மேல் ஒரு மகாராஜா வேண்டும், பின்னால் வானம் முழுக்க வாணவேடிக்கை. வாணவேடிக்கையை நான் போட்டுக்கொள்ளலாம். குதிரையும் ராஜாவும் அசலாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை.

ராஜாவாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நாடக நடிகர் அன்று காலை வயிற்றுப்போக்கு என்று போன் செய்துவிட்டார். குதிரையோ விருதுநகரிலிருந்து மினி லாரியில் கிளம்பிவிட்டது. அந்த இக்கட்டில்தான் முதலாளி கேட்டார், நானும் கையைத் தூக்கினேன். என் அனுபவம் என்னவென்றால், பன்னிரண்டு வயதில் திருச்செந்தூர் கடற்கரையில் குதிரை மேல் இரண்டு சுற்று. கயிற்றைப் பிடித்து நடந்தவர் வேறு ஒருவர்.

படம் எடுக்கும் இடம் ஆலைக்குச் சற்றுத் தள்ளியிருந்த பொட்டல். அந்த நடிகர் ஆறடி ஆள்; நான் ஐந்தடி மூன்று அங்குலம். அவருக்குத் தைத்த அங்கியில் என்னைப் போல இன்னொருவரும் தாராளமாகக் குடியிருக்கலாம். கிரீடம் புருவம் வரை இறங்கியது. உள்ளே இரண்டு தினசரிகளை மடித்துத் திணித்தோம். மீசையைப் பசை போட்டு ஒட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நானே சாமரம் வீசலாம் போலிருந்தது.

குதிரையைக் கொண்டுவந்தவர் பேச்சியம்மா. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுவது அவர்கள் குடும்பத் தொழில். கணவர் இன்னொரு குதிரையோடு சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் இதை இவர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். குதிரையின் பெயர் சுந்தரி.

"தம்பி, முன்னப்பின்ன ஏறியிருக்கீகளா?"

"நெறைய."

சொல்லிக்கொண்டே நான் குதிரையின் வலதுபக்கமாகப் போய் நின்றேன். பேச்சியம்மா என் தோளைப் பிடித்து, குதிரையைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய் இடதுபக்கம் நிறுத்தினார். (இடப்பக்கமாகத்தான் ஏறவேண்டுமாம்.)

மேலே ஏற்றிவிட்டு, இரண்டு லகான் வாரையும் என் கையில் கொடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. ரெண்டையும் ஒரே அளவாப் பிடிக்கணும். இறுக்கவும் கூடாது, தொங்க விடவும் கூடாது. இவ வாயில இரும்பு கெடக்கு. அந்த வாய் உங்க கையில எப்பவும் லேசாத் தெரிஞ்சிக்கிட்டே இருக்கணும். அவ தலைய ஆட்டுனா கையும் கூடப் போகணும். ஒருக்க இழுத்து ஒருக்க விட்டீகன்னா அவளுக்கு என்ன செய்யன்னு வெளங்காது."

"தெரியும்க்கா, தெரியும்" என்றேன். அவர் பேசிய நேரம் முழுவதும் என் கவனம் மீசையில் இருந்தது. வியர்வையில் ஒரு முனை கழன்றுகொண்டிருந்தது.

போட்டோகிராபர் சேகர் எனக்கு நண்பன்தான். பேச்சியம்மா படத்தில் விழுகிறார் என்று சொல்லி அவரைத் தள்ளிப் போகச் சொன்னான். அவரும் குதிரைக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று லாரிப் பக்கம் நடந்தார்.

"மாப்ளே, கம்பீரமா இரு!" என்றான் சேகர்.

கம்பீரம் என்றால் லகானை நெஞ்சு வரை இழுத்துப் பிடிப்பது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இழுத்தேன். சுந்தரி பின்னால் நடக்க ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்த வண்டிகள் எதுவும் சொல்லாமல் ரிவர்ஸ் போனதில்லை. முன்னால் போகட்டும் என்று இரண்டு குதிகாலாலும் இடித்தேன். கையை மட்டும் தளர்த்தவில்லை. கால் போ என்கிறது, கை நில் என்கிறது. பாவம், அவள் இரண்டுக்கும் பொதுவாக ஒரு முடிவெடுத்து இன்னும் வேகமாகப் பின்னால் போய், வெளிச்சத்துக்காகச் சாய்த்து வைத்திருந்த தெர்மோகோல் அட்டைகளை மிதித்து நொறுக்கினாள்.

"பின்னால போகாதே! ராஜா போருக்குப் போறாரா, பயந்து ஓடுறாரா?" என்று கத்தினான் சேகர்.

பதற்றத்தில் இடது வாரைப் பிடுங்கினேன். இடதுபக்கமாக மூன்று சுற்று. சரி செய்ய வலது வாரைப் பிடுங்கினேன். வலதுபக்கமாக இரண்டு. தலை சுற்றியது. கிரீடம் கண்ணை மூடியது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் லகானை அப்படியே தளரவிட்டு, இரண்டு கையாலும் சேணத்தின் முன்பக்கத்தைக் கட்டிக்கொண்டேன்.

தன் வாயை யாரும் பிடிக்கவில்லை என்பது சுந்தரிக்கு உடனே தெரிந்துவிட்டது. உச்சிவெயில். காலையிலிருந்து லாரிப் பயணம். தாகம். எதிரே ஆலையின் கேட்டுக்குள் சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர் மின்னியது. ஒரு லோடு வண்டி அப்போதுதான் வெளியேறியிருந்ததால் கேட் திறந்து கிடந்தது. அவள் கிளம்பிவிட்டாள்.

நாலுகால் பாய்ச்சலில் போனதாகத்தான் நான் பல வருடங்கள் சொல்லிவந்தேன். சேகர் கேமராவோடு பக்கத்தில் நடந்தே வந்து படம் எடுத்திருக்கிறான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டில் நின்ற வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் அலறினார்.

"லாடம் அடிச்ச குதிரைய்யா! கல்லுல தட்டுனா பொறி பறக்கும்! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆணி அடித்த செருப்பைக்கூட கேட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகும் இடம் அது. நான் நாலு இரும்பு லாடங்களோடு போய்க்கொண்டிருந்தேன். உள்ளே அறை அறையாக வெடிமருந்து. அந்த அறைகளில் ஆட்கள். சாப்பாட்டு நேரமாகையால் பாதிப் பெண்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் இன்னும் உள்ளே. அந்தக் கணத்தின் பயத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

லகானை எடுத்து இழுத்தேன். அவள் தலையை உதறினாள். பயந்துபோய் லகானைத் தளரவிட்டேன். நடந்தாள். மறுபடி இழுத்தேன். மறுபடி உதறினாள். கேட் இருபதடிக்குள் வந்துவிட்டது. இனி நம்மால் ஆகாது என்று தெரிந்ததும், கையில் லகானோடு அப்படியே இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து வாட்ச்மேனைக் கும்பிட்டேன்.

"அண்ணே, தயவுசெஞ்சு கேட்டைச் சாத்துங்கண்ணே!"

சுந்தரியின் நடை குறைந்தது. காதைப் பின்னால் திருப்பினாள். கழுத்தை அழகாக வளைத்தாள். நின்றாள்.

குதிரை மேலிருந்து ஒரு மகாராஜா கைகூப்புவதைப் பார்த்த வாட்ச்மேன், என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார். பிறகுதான் ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார்.

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ராசாவுக்கு என்ன கொறையாம்? சீசன் நேரம், வேலை கேட்டு வந்திருக்காகளோ?"

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பேச்சியம்மா வாளியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் இன்னும் கும்பிட்டபடியே இருந்தேன். என் கையைப் பார்த்தார்.

"அசையாதீக, அப்படியே வைங்க. ரெண்டும் ஒரே அளவு, இறுக்கமும் இல்ல, தொய்வும் இல்ல. இம்புட்டு நேரம் இதத்தான சொன்னேன்?"

என்னை இறக்கிவிட்டு, சுந்தரியின் வாயைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் சிவந்து கன்றியிருந்தது. நான் பிடுங்கிப் பிடுங்கி இழுத்த இடம். தண்ணீர் தொட்டு அதை அவர் மெதுவாகத் துடைத்தபோது எனக்குக் கிரீடத்தைக் கழற்றி எங்காவது புதைக்கலாம் போலிருந்தது.

"அக்கா, எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாதுக்கா."

"அது நீங்க வலப்பக்கமா வந்து நின்னப்பவே தெரியும்."

"பெறகு ஏன்க்கா ஏத்திவிட்டீக?"

"நெறையங்கிறீக, தெரியுங்கிறீக. ராசா சொல்லும்போது நான் எப்படிப் பொய்யின்னு சொல்ல?"

மறுநாள் முதலாளி படங்களை எல்லாம் பார்த்தார். பாதியில் குதிரையின் பின்புறம். மீதியில் என் மீசை கன்னத்தில் இருந்தது. ஒரே ஒரு படத்தில் சுந்தரி கழுத்தை வளைத்துச் சிற்பம் போல நின்றிருந்தாள். அது நான் வாட்ச்மேனைக் கும்பிட்ட படம்.

"குதிரை அம்சமா இருக்கு" என்றார் முதலாளி. "மேல இருக்க ஆளை மட்டும் எடுத்துரு."

அச்சகத்தில் டிசைனர் நான் ஒருவன்தான். ஆகவே அந்த வேலையும் எனக்கே வந்தது. கிரீடத்தை அழித்தேன், மீசையை அழித்தேன், காலை அழித்தேன். கடைசியில் லகான் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்து சேணத்தின் மேல் போட்டேன். இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மவுஸில் எனக்கு அந்தக் கை உண்டு. பெட்டி அந்தத் தீபாவளிக்கு நன்றாக விற்றது. கடைகளில் அதைக் குதிரைப் பெட்டி என்றே கேட்டு வாங்கினார்கள். ராஜா இல்லாத குறையை ஒருவரும் சொல்லவில்லை.

விஷயம் அதோடு போயிருக்கும். அடுத்த வருடம் எம். புதுப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி கொண்டுவந்த பெண்ணின் சித்தி என்னை உற்று உற்றுப் பார்த்தார். வீட்டார் ஜாதகம் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஏயம்மா! இவுக அந்தக் கும்பிட்ட ராசாவுல்லா!"

அவர்தான் வேப்பமரத்தடியில் இருந்து எனக்கு வேலை வேண்டுமா என்று கேட்டவர். கதை முழுவதையும் நடித்தே காட்டினார். உள்ளறையில் பெண் சிரித்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. சம்மதம் என்று சொல்லியனுப்பியதும் அதே சிரிப்போடுதான்.

கல்யாணமாகி இத்தனை வருடமாகிறது. எந்தக் கோயிலுக்குப் போனாலும், தீபாராதனை காட்டும்போது நான் கண்ணை மூடிக் கைகூப்பி உருகி நிற்பேன். பக்கத்திலிருந்து என் மனைவி முழங்கையால் மெல்ல இடிப்பாள்.

"என்னங்க, குதிரை நின்னுருச்சா?"