இன்டர்நெட்டில் ஓட்டை தேடினேன்

மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகப் பதில் வர வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் கப்பு, சாஸர் செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பெயர் பூவராகவன். தொண்ணூற்றொன்பது ஜூன் மாதம் எங்கள் சாஸர்களுக்கு அம்மை போட்டது. சூளையிலிருந்து எடுத்தால் பளபளவென்று இருக்க வேண்டிய கிளேஸ் பூச்சு முழுக்க ஊசி குத்தின மாதிரி ஓட்டை. இரண்டு லோடு திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தால் அதே லாரியில் என்னையும் ஏற்றி அனுப்பிவிடுவதாக முதலாளி கொளஞ்சிநாதன் சொன்னார்.

"இன்டர்நெட்ல எல்லாம் இருக்குதாம், பூவராகவன். திங்கக்கிழமை காரணத்தோட வாங்க."

ஜங்ஷன் ரோட்டில் புதிதாக ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். வியாழக்கிழமை போய் உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, கம்பெனி விலாசம், மண் வந்த ஊர், சூளையின் வயது எல்லாவற்றையும் இங்கிலீஷில் பதினொரு வரி டைப் அடித்து, 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள' போட்டுத் தேடச் சொன்னேன். லீவ் லெட்டர் எழுதுவது எப்படி என்று வந்தது.

மறுநாள் சுருக்கினேன். 'இந்தியா, கப், பிரச்சினை.' வேர்ல்ட் கப் நடந்துகொண்டிருந்த நேரம். நம் பேட்டிங்கில் இருந்த ஓட்டைகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை கப்பைக் கைவிட்டு சாஸருக்குப் போனேன். பறக்கும் தட்டு வந்தது. அமெரிக்காவில் யாரோ நேரில் பார்த்தாராம். அதில் ஓட்டை இருந்ததா என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மனைவி அகல்யா நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், கேட்பவர்களுக்கு நம்பர் தேடிச் சொல்லும் வேலை அவளுக்கு. இருபது செகண்டில் எடுத்துவிடுவாள். அந்தக் கர்வம் முகத்தில் கொஞ்சம்கூடத் தெரியாது. எனக்குப் பிடிக்காததே அதுதான்.

"என்னாங்க டைப் பண்ணீங்க?"

சொன்னேன்.

"ஏங்க, வூட்டுக் கதையெல்லாம் அதுகிட்ட எதுக்கு? பதில் எழுதி வச்சிருக்கிறவரு என்னா வார்த்தை போட்டிருப்பாரோ, அதத்தான தேடணும்?"

"உனக்கு கிளேஸப் பத்தி என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அந்த ஓட்டைக்கு இங்கிலீஷ்ல என்னா பேரு?"

"பின்ஹோலு."

"அத டைப் பண்ணீங்களா?"

கீரையில் பூச்சி இருப்பதாகச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

ஞாயிறு சாயங்காலம் கூடவே வந்தாள். 'பின்ஹோல்' என்று அடித்தாள். கேமரா படங்களாக வந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை.

"பாத்தியா? உனக்கும் வரல."

அவள் கூடவே 'கிளேஸ்' சேர்த்தாள். இரண்டு வார்த்தைக்கு முன்னாலும் கூட்டல் குறி போட்டாள்.

"இது என்னா கணக்கு?"

"இந்த ரெண்டும் கட்டாயம் இருக்கணும்னு அர்த்தம். கம்ப்யூட்டர் மேலயே எழுதி ஒட்டியிருக்குதுங்களே. மூணு நாளா எதிர்லதான உக்காந்திருந்தீங்க?"

முதல் பக்கத்திலேயே இருந்தது காரணம். சூடு வேகமாக ஏறினால் மண்ணிலிருந்து வரும் காற்று கிளேஸைத் துளைத்துக்கொண்டு கிளம்புமாம். தீயை மெதுவாக ஏற்ற வேண்டும், உச்சச் சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இதற்கா நான் பறக்கும் தட்டு வரை போய் வந்தேன்?

பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்தேன்.

"அகல்யா, நாளைக்கு நானே முதலாளிகிட்ட சொல்லிக்கிறேன். நீ கண்டுபுடிச்சேன்னு வெளியில தெரிய வேணாம்."

"சரிங்க."

திங்கட்கிழமை அவளுக்குக் காலை ட்யூட்டி. விடியும்போதே கிளம்பிவிட்டாள். நான் நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் இரண்டு முறை பேசிப் பார்த்து, ஒன்பது மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். மூன்று நாள் ஆராய்ச்சி, கண் எரிச்சல், அமெரிக்க நிபுணர்கள் எல்லாவற்றையும் சேர்த்து அரை மணி நேரம் பேசினேன். முதலாளி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. டீ கூட வரவழைத்தார். (மூன்றாவது லோடு திரும்பி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லும் நிலையில் இருக்கமாட்டேன்.)

"ரொம்ப சரி, பூவராகவன். ஆறு மணியிலேருந்தே சூளை மெதுவாத்தான் எரியுது."

"யாரு சார் சொன்னது?"

"உங்க வூட்டுக்காரம்மாதான். அஞ்சரைக்கே போன் பண்ணாங்க. நீங்க கண்டுபுடிச்சதா சொன்னாங்க. நீங்க வந்து சேர ஒம்போது ஆயிடும், அதுக்குள்ள நாங்க பழையபடி தீய போட்டுடுவோம்னு பயந்துட்டாங்க."

"அப்ப இவ்ளோ நேரம் ஏன் சார் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"அவங்கதான் கேட்டுக்கிட்டாங்க. 'கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்துட்டு வருவாரு, பாவம், நடுவுல நிறுத்தாதீங்க'ன்னு."